அரைக் கட்டை கீழே

அந்தக் குழுவில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். புருஷனின் தம்பியும் தங்கையும் கூப்பிட்டதில் தொடங்கியது. பிறகு பேஸ் என்கிற கனத்த குரல் வாத்தியத்தை வாசிக்கிறவன் கூப்பிட்டான், ஒலிபெருக்கி கட்டுகிறவர் கூப்பிட்டார், கடைசியில் ஓட்டல் சர்வர்கள்கூட "அண்ணிக்கு ஒரு தண்ணி" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதே கணக்கில் புருஷன் ஊருக்கே அண்ணன் ஆகிவிட்டார். அண்ணன் பியானோ, தம்பி டிரம்ஸ், தங்கை பாட்டு, அண்ணி சாக்ஸபோன். வாசிப்பது ஜாஸ். வெளியாள் என்றால் பேஸ்காரன் ஒருவன்தான்; அவனும் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து ஒத்திகைக்கு வந்து வந்து பாதிக் குடும்பமாகிவிட்டான். ஆள் உயரம், கழுத்து நீளம், அதனால் ஒட்டகம். தங்கையைக் குயில் என்பார்கள். மற்றவர்கள் சொன்னால் அது செல்லப் பேர். அண்ணி சொன்னால் மட்டும் கொஞ்சம் புளிக்கும்.

ஜாஸ் என்பது வம்பு பிடித்த சமாச்சாரம். பாட்டில் பாதிதான் எழுதியிருக்கும். நடுவில் ஒவ்வொருத்தராக முன்னால் வந்து, அந்த நிமிஷம் மனசில் என்ன தோன்றுகிறதோ அதை வாசிக்க வேண்டும். இதைத் 'தனி' என்பார்கள். தோன்றியபடி என்றால் இஷ்டத்துக்கு அல்ல. பின்னால் பியானோ மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டே போகும். அந்தப் பிடிதான் கார்டு. பாட்டு முழுக்கக் கார்டு மாறிக்கொண்டே இருக்கும். அது மாறுகிற இடத்தில் தனி வாசிக்கிறவளும் கூடவே மாற வேண்டும். ஒரு நொடி பிந்தினால் சாப்பாட்டில் கல் கடிபட்ட மாதிரி ஆகிவிடும்.

அண்ணிக்கு அந்த நிமிஷத்தில் ஒன்றுமே தோன்றாது. இது யாருக்கும் தெரியாது. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு தனியை உட்கார்ந்து செய்வாள், தேய்ப்பாள், மெருகேற்றுவாள், மனப்பாடம் பண்ணுவாள். மேடையில் கண்ணை மூடிக்கொண்டு, இப்போதுதான் உதிக்கிறது என்கிற மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ஒப்பிப்பாள். "அண்ணி, இன்னைக்கு என்னமோ புதுசா விழுந்துச்சே!" என்பான் கொழுந்தன். அண்ணன் பெருமையாகச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். திருட்டுச் சிரிப்பு, வேறென்ன.

குட்டு உடைந்தது போன மாதம், ஒரு கம்பெனி விருந்தில். பாட்டின் கார்டு வரிசை ஒரு தடவை முழுசாக வந்து போனால் ஒரு சுற்று; அவளிடம் இருந்தது இரண்டு சுற்றுக்கான சரக்கு. இரண்டும் அமர்க்களமாகப் போயிற்று. கூட்டம் கைதட்டியது. அண்ணனுக்கு உற்சாகம் தலைக்கேறி, பியானோவிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்: இன்னொரு சுற்று! அவளிடம் இன்னொரு சுற்று இல்லை. வாத்தியத்தை வாயில் கவ்வியபடி நின்றாள். பேஸ் போகிறது, டிரம்ஸ் போகிறது, கார்டுகள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டிப் போகின்றன, அவள் மட்டும் நிற்கிறாள். பாட்டு முடிந்துவிட்டதென்று யாரோ கைதட்டினார். இன்னொருத்தர் ஒலிபெருக்கி கெட்டுப்போச்சோ என்று எட்டிப் பார்த்தார். குயில் மைக்குக்கு முன்னாலேயே களுக்கென்று சிரித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் பஞ்சாயத்து கூடியது. "இத்தனை வருஷமா ஒப்பிச்சுக்கிட்டா இருந்த?" என்று அண்ணன் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. ஏமாந்த குரலில் கேட்டார்.

"அண்ணி பின்னாடி நின்னு ஊதட்டும். தனிய அண்ணன் பாத்துக்கட்டும். இதுல என்ன வருத்தம்?" என்றாள் குயில், தட்டில் எதையோ கிளறிக்கொண்டு.

வருத்தமாம்! வயிறு எரிந்தது அண்ணிக்கு. செருப்புக் கடையில் அவள் ஸ்டாக் ரூம் பொறுப்பாளி. நாள் முழுக்க "எட்டாம் நம்பர் இருக்கா", "இதுலயே கறுப்பு இருக்கா". வீட்டில் "சாவி எங்க", "துண்டு எங்க". நாலு பேருக்கு முன்னால் வந்து நிற்கிற அந்த இரண்டு சுற்று மட்டும்தான் அவள் சொத்து. அதையும் பிடுங்கிக்கொண்டு வருத்தம் என்னவென்று கேட்கிறாள்.

"ஓட்டல் ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க" என்றாள் அண்ணி.

ஓட்டல் ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெரிய ஓட்டல் ஒன்றில் ஞாயிறு மதிய விருந்துக்கு நிரந்தரமாக ஒரு குழு தேடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் ஒரு மதியம் வந்து வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார் மேனேஜரம்மா. பிடித்தால் ஒவ்வொரு வாரமும் அவர்களுக்குத்தான்.

அண்ணன் தட்டை நகர்த்தி வைத்தார். "சரி. ஆனா அன்னைக்கும் நீ நின்னுட்டன்னா, அதுக்கப்புறம் தனின்னு பேச்சே எடுக்கக் கூடாது."

"எடுக்கல" என்றாள்.

மறுநாளிலிருந்து கடை திறப்பதற்கு முன்னாலேயே போய்விடுவாள். ஸ்டாக் ரூமில் தரையிலிருந்து கூரை வரை செருப்புப் பெட்டிகள். அட்டைப் பெட்டிகள் சத்தத்தை விழுங்கிவிடும். எவ்வளவு ஊதினாலும் பக்கத்துக் கடைக்குக் கேட்காது. முக்காலியில் உட்கார்ந்து, ரீட் என்கிற அந்த நாணல் சீவலை நாக்கில் நனைத்து மாட்டி, ஆர்ப்பெஜியோ வாசிக்க ஆரம்பித்தாள். ஒன்றுமில்லை, பியானோ ஒரே பிடியாகப் பிடிக்கிற கார்டை உதிரி உதிரியாகப் பிரித்து, ஒவ்வொரு சுரமாக ஏறி இறங்குவதுதான் ஆர்ப்பெஜியோ. படிக்கிற காலத்தில் அழுதுகொண்டே செய்தது. ஒரு கார்டுக்கு நாலு சுரம். ஏறு, இறங்கு. அடுத்த கார்டு. ஏறு, இறங்கு. கார்டுகள் எலும்பிலேயே ஏறிவிட்டால் அந்த நிமிஷத்தில் ஏதாவது தோன்றித்தானே ஆக வேண்டும் என்பது அவள் கணக்கு.

உதடு வீங்கியது. கட்டைவிரலில் காய்ப்பு. பில் போடுகிற பெண் கதவைத் திறந்து, "அக்கா, மாடிப்படி ஏறி இறங்கற மாதிரியே இருக்கே, எப்பத்தான் வீட்டுக்குள்ள போவீங்க?" என்று கேட்டாள். அவள் கிண்டலுக்குத்தான் கேட்டாள். அண்ணிக்குச் சுருக்கென்றது.

அதே வார ஒத்திகையில் ஒட்டகமும் அதையேதான் சொன்னான், அவன் பாணியில். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி தனி எடுத்து, மனப்பாடம் எதுவும் இல்லாமல், புதிதாகப் பழகிய ஆர்ப்பெஜியோக்களை வரிசையாக அடுக்கினாள். ஒரு இடத்திலும் தப்பு இல்லை. முடித்துவிட்டு எல்லோர் முகத்தையும் பார்த்தாள். கொழுந்தன் டிரம்ஸ் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?" என்றான் ஒட்டகம். "கார்டோட அடிச் சுரம் என்னோட இடம். பேஸ்னா அங்கதான நிக்கணும்? நீங்க ஒவ்வொரு தடவையும் அங்கேருந்தே ஏற ஆரம்பிக்கிறீங்க. கார்டு மாறுனா தடால்னு மறுபடி கீழ வந்து விழுறீங்க. எப்பப் பாத்தாலும் என் வீட்டு வாசல்லயே வந்து நின்னா நான் எங்கதான் போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன்கூட. அண்ணிக்கு மூக்கு சிவந்துவிட்டது. ஆனால் அவன் சொன்னது நிஜம். தினமும் அடியிலிருந்தே ஏறிப் பழகினதால் விரலுக்கு வேறு வாசலே தெரியவில்லை.

அன்றிலிருந்து ஸ்டாக் ரூமில் வழியை மாற்றினாள். ஒரு கார்டில் எந்தச் சுரத்தில் இருக்கிறாளோ, அடுத்த கார்டில் அதற்குப் பக்கத்துச் சுரம் எதுவோ, அதில் கால் வைக்க வேண்டும். அடிச் சுரத்திலிருந்து சுர வரிசையில் எண்ணினால், சில சமயம் அது மூன்றாவது சுரமாக இருக்கும், சில சமயம் ஏழாவது. ஏறிக்கொண்டே போகும்போது கார்டு மாறலாம், இறங்கும்போதும் மாறலாம்; நிற்கக் கூடாது, கீழே ஓடவும் கூடாது. முதலில் தலை சுற்றியது. ஆமை வேகத்தில் வைத்துக்கொண்டு ஊர்ந்தாள். ஒரே பாட்டை எல்லாச் சுருதியிலும் செய்து பார்க்கச் சொல்லியிருந்தான் ஒட்டகம். செய்தாள். சில சுருதிகள் வெண்ணெய். சில சுருதிகள் முள். அதிலும் வழக்கமான சுருதிக்கு அரைக் கட்டை கீழே ஒன்று இருக்கிறதே, பாட்டுக்காரிக்கு விரல் கவலை இல்லை. அண்ணியின் வாத்தியத்துக்கு மட்டும் அது பரம சண்டாளன். இருக்கிற சுரம் ஏழும் ஷார்ப், அதாவது அரைக் கட்டை ஏற்றிப் பிடிக்க வேண்டியவை. சுண்டு விரல் ஒடிந்து போகும். அதை மூக்கைப் பிடித்துக்கொண்டு மருந்து குடிக்கிற மாதிரி தினமும் ஒரு தடவை குடித்துவைத்தாள்.

வரவர நன்றாகத்தான் வந்தது. அவளே எதிர்பார்க்காத வரிகள் வந்து விழுந்தன. ஒரு நாள் பெட்டிகளுக்கு நடுவில் தனியாகச் சிரித்துவிட்டாள்.

ஆனால் பயம் என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? கடைசி ஒத்திகையில் பாட்டின் நடுப்பகுதியில் ஒரு இடத்தில் தடுமாறினாள். ஒரே ஒரு இடம். விரல் யோசித்தது, கார்டு போய்விட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குயில் மட்டும் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, "ம்" என்றாள். அந்த ஒரு 'ம்' அண்ணியைத் தூங்கவிடவில்லை.

சனிக்கிழமை அவள் செய்த காரியத்தை என்னவென்று சொல்ல? படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இத்தனை நாள் ஸ்டாக் ரூமில் வந்த வரிகளிலேயே நல்ல நல்ல துண்டாகப் பொறுக்கி, ஒட்டுப்போட்டுத் தைத்து, இரண்டு சுற்றுக்கு ஒரு தனி செய்தாள். அவசரத்துக்கு இன்னொரு சுற்று வேறு. அப்புறம் அதை அப்படியே மறுபடி மறுபடி வாசித்து மண்டைக்குள் ஏற்றினாள். புத்தி கெட்ட ஜென்மம்! எதை விட்டு ஓடி வந்தாளோ அதே குழியில் போய் விழுந்தாள். அவளுக்கே தெரியும். 'இந்த ஒரே ஒரு தடவை' என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள்.

முடித்துவிட்டுக் கதவைத் திறந்தால் அண்ணன் வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில் காப்பி. குடித்த மாதிரி தெரியவில்லை. மேலே ஆடை படிந்திருந்தது.

"எவ்ளோ நேரமா நிக்கிறீங்க?"

"இப்பத்தான் வந்தேன்" என்றார் அண்ணன். "சாப்பிட வா."

ஓட்டலின் விருந்துக் கூடத்தில் ஒரு மூலையில் சின்ன மேடை. ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர், மறுபக்கம் சமையலறைக்குப் போகிற ஆடுகதவு. மேசைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. மேனேஜரம்மா கல்லாப் பக்கம் நின்று, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பாட்டுக் கேட்கிற முகம் அல்ல அது, பழம் பொறுக்குகிற முகம்.

முதல் இரண்டு பாட்டு சிக்கல் இல்லாமல் போயிற்று. அவற்றில் தனி அண்ணனுடையது. மூன்றாவதுதான் அண்ணியின் பாட்டு. ரீட்டை நனைக்கலாம் என்றால் வாயில் எச்சில் இல்லை. குயில் மேடையிலிருந்து இறங்கி ஒலிபெருக்கிக்காரரிடம் ஏதோ குசுகுசுத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் பியானோவிலிருந்து சாய்ந்து, அவள் பக்கம் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார். "குயிலுக்குத் தொண்டை கட்டியிருக்காம். அரைக் கட்டை கீழ எடுத்துக்கலாம்."

அண்ணிக்கு ஒரு கணம் புரியவில்லை. "என்னது?"

"அரைக் கட்டை கீழ. ஒட்டகத்துக்கிட்ட சொல்லிட்டேன்."

பரம சண்டாளன்! தைத்து வைத்த மூன்று சுற்றும் வழக்கமான சுருதியில் விரலில் உட்கார்ந்திருக்கிறது. சாக்ஸபோனில் சுருதி மாறினால் கை முழுவதும் மாறும். விரல் மனப்பாடம் செய்தது ஒன்றுகூட உதவாது. குயில் மேடை ஏறி வந்தாள். வந்தவள் அண்ணனிடம் குனிந்து ஏதோ கேட்டாள், அவர் ஏதோ சொன்னார், அவள் திரும்பி அண்ணியை ஒரு முறை முறைத்தாள்.

செய்வதையும் செய்துவிட்டு முறைக்க வேறு செய்கிறாள் என்று அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொண்டையாம் தொண்டை! காலையில் காரில் வரும்போது அந்தத் தொண்டைதான் வாய் ஓயாமல் கொழுந்தனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தது.

கொழுந்தன் குச்சியைத் தட்டிவிட்டான். பாட்டு தொடங்கிவிட்டது.

குயில் பாடப் பாட, அண்ணி பின்னால் நின்று மனசுக்குள் வரிகளை அரைக் கட்டை இறக்கிப் பார்த்தாள். முதல் வரி இறங்கியது. இரண்டாவது வரிக்குப் போவதற்குள் முதல் வரி மறந்துபோயிற்று. முதுகில் வியர்வை வழிந்தது. கண்ணை உயர்த்தினால் மேனேஜரம்மா, கண்ணைத் தாழ்த்தினால் வாத்தியத்தின் பளபளக்கிற பித்தளைப் பொத்தான்கள். பாட்டு பாதி முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வரி. அரை வரி.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை எடுத்து நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்: நான் எடுத்துக்கட்டுமா?

எவ்வளவு சுலபம்! தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். யாரும் குறை சொல்லப் போவதில்லை. கடைசி நேரத்தில் சுருதியை மாற்றினால் யாருக்குத்தான் வரும்? பழி முழுக்கக் குயில் தொண்டைக்குப் போய்விடும். அண்ணியின் தலை பாதி ஆடியும்விட்டது. ஆனால் அவளுக்குச் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. இன்றைக்கு ஒதுங்கினால் காரணம் இருக்கும், ஆனால் ஒதுங்கினது ஒதுங்கினதுதான். அடுத்த பாட்டுக்கும் அவர் நெஞ்சைத் தொடுவார். அதற்கடுத்த பாட்டுக்குத் தொடக்கூட மாட்டார்.

அண்ணன் அதற்குள் தனியைத் தொடங்கியே விட்டார். வலது கை மேலே ஓடியது. அண்ணி அவர் பேச்சின் நடுவே புகுந்த மாதிரி முன்னால் வந்து நின்றாள். அண்ணன் திடுக்கிட்டுக் கையைப் பின்னுக்கிழுத்து வெறும் கார்டுகளுக்கு இறங்கினார்.

வந்து நின்றாளே தவிர, வாசிக்கவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை. அதே சனியன்! போன மாதத்து அதே அமைதி. பேஸ் போகிறது, டிரம்ஸ் போகிறது. ஒரு சர்வர் தட்டோடு நின்றுவிட்டார். மேனேஜரம்மா கட்டிய கையைப் பிரித்தார்.

ஒட்டகத்தின் அடிச் சுரம் காலுக்குக் கீழே தும் தும் என்று கேட்டது. அது அவன் வீடு. அங்கே போகாதே என்று நினைத்தாள். பக்கத்துச் சுரம் எது? மூன்றாவது. விரல் தானாகப் போய் உட்கார்ந்தது. ஊதினாள். ஒரே ஒரு சுரம், நீளமாக. அதை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கார்டு மாறியது. அடுத்ததில் பக்கத்துச் சுரம்? இதோ, ஒரு விரல் தள்ளி. அதிலிருந்து இரண்டு சுரம் ஏறினாள். கார்டு மாறியது. ஏழாவது, அப்புறம் இறக்கம். முள்ளுக்காடுதான், ஆனால் தினமும் காலையில் நடந்த காடு. எந்த முள் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத்தான் தெரியாமல் இருந்தது.

நடுப்பகுதி வந்தது. ஒத்திகையில் தடுமாறின அதே இடம். சுண்டு விரல் வழுக்கி, பச்சைத் தப்பாக ஒரு சுரம் விழுந்தது. கொழுந்தன் முகம் சுளித்தது தெரிந்தது. போச்சு என்று நினைத்தாள். நினைத்தபடியே அதே தப்பை இன்னொரு தடவை, வேண்டுமென்றே, பலமாக ஊதினாள். அங்கிருந்து அரை அடி நகர்ந்து கார்டுக்குள் புகுந்தாள். ஒட்டகம் "ஆகா!" என்று கத்தியேவிட்டான்.

அந்தச் சுருதியில் ஒரே ஒரு சுகம் இருந்தது, அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அதன் வீட்டுச் சுரத்துக்கு, அதாவது சட்ஜத்துக்கு, விரலே தேவையில்லை. எல்லா விரலையும் தூக்கிவிட்டு ஊதினால் போதும். எங்கே மூச்சு முட்டினாலும் அங்கே வந்து, விரலையெல்லாம் தூக்கி, ஒரு கணம் இளைப்பாறிவிட்டு மறுபடி கிளம்பினாள். முதல் சுற்று முடிந்தது. இரண்டாவதும் முடியப் போகிறது. அண்ணன் நிம்மதியாகத் தலையை ஆட்டினார்: போதும், நல்லபடியா முடிச்சிட்ட, இறங்கிடு.

அண்ணி வாத்தியத்திலிருந்து ஒரு கையை எடுத்தாள். ஒரு விரலைத் தூக்கி, புருஷன் முகத்துக்கு நேரே காட்டினாள். இன்னொரு சுற்று.

அந்த மூன்றாவது சுற்றில் என்ன வாசித்தாள் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கைதட்டல் மட்டும் ஞாபகம் இருக்கும். இந்தத் தடவை பாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்துத் தட்டியதல்ல.

இடைவேளையில் சமையலறைக்குப் போகிற நடையில், கழுவி அடுக்கின தட்டுகளுக்குப் பக்கத்தில், அண்ணி ரீட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். குயில் வேகமாக வந்து எதிரே நின்றாள்.

"என்ன அண்ணி, திருப்தியா? உங்க வசதிக்கு என் பாட்டக் கெடுத்தாச்சு. அந்தச் சுருதியில கீழ வர்ற இடத்துல எனக்கு வெறும் காத்துதான் வந்துச்சு. சொல்லியிருந்தா வீட்லயே பாடிப் பாத்துட்டு வந்திருப்பேன்ல?"

"என் வசதியா?" அண்ணி நிமிர்ந்தாள். "உனக்குத் தொண்டை கட்டியிருக்குன்னுதானே இறக்குனது?"

"யாருக்குத் தொண்டை கட்டியிருக்கு?"

"உனக்கு."

"எனக்கா? யார் சொன்னா? அண்ணிக்கு அந்தச் சுருதிதான் கைக்கு வாகா இருக்காம், விட்டுக் குடுன்னு என்கிட்ட சொன்னது…"

குயில் பாதியில் நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அண்ணி அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் நினைத்தது அப்போதுதான்.

ஆடுகதவு திறந்தது. அண்ணன் முகமெல்லாம் பல்லாக வந்தார். "மேனேஜரம்மா சரின்னுட்டாங்க! வாரா வாரம் நாமதான்!" என்றவர், இரண்டு பெண்களும் நிற்கிற நிற்பைப் பார்த்ததும் பல்லை மூடிக்கொண்டார்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டாள் அண்ணி.

அண்ணன் குயிலைப் பார்த்தார். குயில் சுவரோரம் தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டாள். போகிற உத்தேசம் இல்லை.

"நேத்து நீ ரூம்ல வாசிச்சதக் கேட்டேன்" என்றார் அண்ணன். "திரும்பத் திரும்ப அச்சுப் பிசகாம ஒரே மாதிரி இருந்துச்சு. நீ மறுபடியும் மனப்பாடம் பண்றன்னு தெரிஞ்சுபோச்சு."

அண்ணியின் காது சூடாயிற்று. "கேட்டிருக்கலாமே."

"கேட்டா ஒத்துக்குவியா?"

அண்ணி துடைத்த ரீட்டையே மறுபடி துடைத்தாள்.

"சுருதிய மாத்துனா நீயே 'நீங்க வாசிங்க'ன்னு ஒதுங்கிடுவன்னு நெனச்சேன். யார் மேலயும் தப்பு இல்லாமப் போயிடும். அன்னைக்கு மாதிரி நீ இன்னொரு தடவ அங்க நிக்கிறத என்னால பாக்க முடியாதும்மா. எனக்குத் தாங்காது." அது பொய் இல்லை. அவ்வளவு பெரிய மனுஷன் சமையலறை வாசலில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

அண்ணிக்குக் கோபத்தில் கண் இருட்டியது. இந்த மனுஷன் அவள் தோற்றுவிடுவாள் என்றே முடிவு கட்டிவிட்டார். தோற்பதற்கு மெத்தைகூட விரித்து வைத்திருக்கிறார். அதற்குத் தங்கையின் தொண்டையை வேறு இரவல் வாங்கியிருக்கிறார். அத்தனை கோபத்துக்கு நடுவிலும் இன்னொன்று உறுத்திக்கொண்டே இருந்தது: அவர் மாற்றாமல் விட்டிருந்தால் அவள் ஒப்பித்திருப்பாள். அழகாக ஒப்பித்திருப்பாள். கை தட்டியிருப்பார்கள், வேலையும் கிடைத்திருக்கும், திருட்டுச் சிரிப்பும் கூடவே வீட்டுக்கு வந்திருக்கும். அவர் அவளைக் கவிழ்க்கப் பார்த்ததால்தான் அவள் இன்றைக்கு வாசித்தாள். இதற்கு அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா?

கோபம் வந்தால் அண்ணியின் பேச்சில் 'ங்க' காணாமல் போய்விடும்; அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். அன்றைக்கு 'ங்க' போகவில்லை. அதுதான் அண்ணனை இன்னும் பயமுறுத்தியது.

"இனிமே சுருதிய மாத்தணும்னா மாத்துங்க" என்றாள். "மேடையில ஏறினதுக்கு அப்புறம்கூட மாத்துங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா உங்க வாயால, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. இவ தொண்டைய இழுக்காதீங்க."

"ஆமா, என் தொண்டைய இழுக்காத" என்றாள் குயில்.

அண்ணன் தலையை ஆட்டினார். கொழுந்தன் ஆடுகதவுக்குள் தலையை நீட்டி, "என்ன இங்க மாநாடு? கூட்டம் காத்துக்கிட்டிருக்கு, வாங்க!" என்று கத்திவிட்டு, உள்ளே நின்ற முகங்களைப் பார்த்து அதே வேகத்தில் தலையை இழுத்துக்கொண்டான்.

அண்ணி புது ரீட் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தாள். இப்போது வாயில் எச்சில் இருந்தது. அதை மாட்டி, திருகி, வாத்தியத்தின் வாரைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த பாட்டு எந்தச் சுருதி?" என்று கேட்டாள்.

அண்ணன் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "வழக்கமானதுதான்" என்றார், சமாதானமாக.

"வேற சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி மேடைக்கு நடந்தாள்.